சுழலி வைத்துக்கொண்ட பெயர்

"ஏறுறது யாரு? யாரோட ஆளு?"

ஆழியப்பன் வள்ளத்தின் பின்பக்கம் சுக்கானைப் பிடித்தபடி கேட்டார். ஆலங்கரையில் எந்த வள்ளத்தில் ஏறினாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். பெற்ற பிள்ளை ஏறினாலும் கேட்பார்கள். புயலுக்கும் சாவுக்கும் ஆட்டத்துக்கும் சேர்த்து அந்தக் கடலில் ஒரே சாமிதான், சுழலி. தன்மேல் மிதக்கிறவர்கள் யார் யார் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"வெள்ளச்சி. மாரியான் மக" என்றாள் முதலில் ஏறியவள். ஏறியவள் நேரே முன்னால் போய், மற்ற இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"தூமணி. கொண்டலோட தங்கச்சி" என்றாள் அடுத்தவள்.

ஆழியப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. "அந்தப் பேரைக் கடல் கேக்கச் சொல்லாதேன்னு எத்தனை தடவை..." அவர் முடிக்கவில்லை. குளம்போல் கிடந்த கரைத் தண்ணீரில் எங்கிருந்தோ ஓர் அலை எழும்பி, மூன்று பேரையும் தலையோடு நனைத்துவிட்டுப் போனது. வெள்ளச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இவர்களைப் புயலுக்குள் அனுப்பினால் உங்களுக்கு ஒன்றும் புரியாது.

ஆலங்கரையில் வயதுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஓர் ஆட்டம் உண்டு. அவரவரே கட்டிக்கொள்ளும் ஆட்டம். அதை வேறு ஒருவர் ஆடக் கூடாது. கொண்டலின் ஆட்டம் ஊருக்கே தெரியும். இடது காலை மணலில் இழுப்பான், சட்டென்று இரண்டு எட்டு குதிப்பான், ஒரு சுற்று சுற்றித் தொடையில் படீரென்று தட்டுவான். கல்யாண வீட்டில் அவன் ஆடினால் சோற்றுப் பந்தி அப்படியே நிற்கும்.

ஒருவன் கடலில் போய்விட்டால், அவனுடைய நெருங்கிய ரத்த உறவு கரையில் நின்று அவன் ஆட்டத்தை ஆடி அவனைச் சுழலியிடம் ஒப்படைக்க வேண்டும். ஆடி முடித்ததும், "பேரும் உன்னுது, ஆட்டமும் உன்னுது, உறவும் உன்னுது" என்று சொல்லித் தண்ணீரைத் தொட வேண்டும். அதுவரை சுழலி அவன் யார் என்று தெரியாமல் கடல் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பாளாம். அதனால் எந்த வள்ளமும் கடலில் இறங்காது. இன்னொரு விதியும் உண்டு. மழைக்காலம் முழுசாக முடிந்த பிறகுதான் ஆட வேண்டும். போனவன் ஒருவேளை எங்காவது ஒதுங்கியிருந்தால் வந்து சேர நேரம் கொடுக்கத்தான் அந்த விதி.

கொண்டலின் வள்ளம் மழைக்காலத் தொடக்கத்திலேயே உடைந்து பலகைகள் கரைக்கு வந்தன. ஊர் வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறின. கொஞ்ச நாளில் வீடுகளில் கஞ்சி தண்ணீரானது. கரைக்குத் தலைவர் ஆழியப்பன்தான். அவர் தூமணியின் வீட்டுக்கு வந்தார். "அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. அவனுக்கு நீதான் இருக்கே. மழை விடுறவரைக்கும் காத்திருந்தா இங்க பிள்ளைங்க செத்துப்போகும். ஆடிடு தாயி."

வெள்ளச்சி வந்து குறுக்கே நின்றாள். மழை முடிந்ததும் கொண்டலுக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தது. "அவரு சாகலை. எனக்குத் தெரியும். ஆடாதே, தூமணி" என்றாள். தூமணி ஆடினாள். வெள்ளச்சி அன்றைக்குத் திருப்பிய முதுகுதான் இது.

ஊருக்காக ஆடினேன் என்று தூமணி எல்லோரிடமும் சொன்னாள். பாதிதான் உண்மை. வாசலில் நாய் நடந்தாலும் அண்ணன் வருகிறான் என்று எழுந்து ஓடி, ஏமாந்து, திரும்பி வந்து படுப்பது அவளால் முடியவில்லை. எப்படியாவது இது முடிந்துபோகட்டும் என்றிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மழை விட்டது. ஒரு நாள் காலையில் வெள்ளச்சி கரை ஒதுங்கிய வலைமிதப்புக் கட்டை ஒன்றைக் கொண்டுவந்து தூமணியின் காலடியில் போட்டாள். கட்டையில் தாழை நார் சுற்றிக் கட்டியிருந்தது. நார் இன்னும் பச்சை. முடிச்சு இடக்கைப் பழக்கக்காரன் போடும் முடிச்சு. அந்தக் கரையில் இடக்கைக்காரன் கொண்டல் ஒருத்தன்தான். கடலில் தாழை முளைக்கிற இடமும் ஒன்றுதான் என்பார்கள். புயல் ஒரு நாளும் நகராத சுழலித் திட்டு.

தூமணி அந்த முடிச்சைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு போய்த் துடுப்பை எடுத்தாள். ஆழியப்பன் தானே வந்து வள்ளத்தைத் தள்ளினார். "ஆடச் சொன்னது நான். நான் வராம யாரு வருவா?" என்றார். திட்டில் உடைந்த கப்பல்களின் தங்கம் குவிந்து கிடக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு. அதுவும் அவர் மனதில் இருந்தது என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள், மனுசன்தானே.

உச்சி வெயில் நேரத்தில் புயலின் சுவர் தெரிந்தது. கரும் மழை, வானத்துக்கும் கடலுக்கும் நடுவே தொங்கியது. பாயைச் சுருட்டினார்கள். முதல் அலை வள்ளத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் போட்டது. இரண்டாவது அலை ஒரு துடுப்பைப் பறித்துக்கொண்டது.

"மாமா, வலப்பக்கம்!" வெள்ளச்சி கத்தினாள்.

"எது வலம், எது இடம்னே தெரியலை, கண்ணுல உப்பு. நீ வேற."

தூமணி கண்ணை மூடிக்கொண்டாள். பயத்தில் அல்ல, கேட்பதற்காக. அலைகள் கண்டபடி வரவில்லை. நீளமாக ஒன்று இழுத்துக்கொண்டு வந்தது. அதன்பின் குட்டையாக இரண்டு. பிறகு தண்ணீர் ஒரு சுற்று சுற்றியது. பிறகு படீர். மறுபடியும் நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு, ஒரு சுற்று, படீர்.

அது அவள் ஆடிக் கொடுத்த ஆட்டம்.

"மாமா, நான் சொல்றபடி பிடிங்க. இழுக்குது, விட்டுக்கொடுங்க. இப்ப ரெண்டு குதி, நேரா போங்க. இப்ப சுத்தும், கூடவே சுத்துங்க. படீர், எல்லாரும் குனிங்க."

ஆழியப்பன் அவள் சொன்னபடி சுக்கானைப் பிடித்தார். வள்ளம் புயலோடு சேர்ந்து ஆடியது. எதிர்த்துப் போயிருந்தால் பலகை பலகையாகப் பிய்ந்திருக்கும். தூமணி சொல்லச் சொல்ல அழுதாள். சின்ன வயதில் கொல்லைப்புறத்தில் அண்ணன் இந்த ஆட்டத்தைக் கட்டியபோது தாளம் சொன்னவளும் அவள்தான். மழைத்தண்ணீரில் அழுகை தெரியவில்லை, நல்லதாகப் போயிற்று.

சுவருக்கு அந்தப் பக்கம் காற்றே இல்லை. நடுவில் ஒரு கறுத்த பாறைத் திட்டு, ஓரமெல்லாம் தாழை. சிதைந்த கப்பல்கள் பாறையில் சாய்ந்து கிடந்தன. ஊர்ப்பேச்சு பொய்யில்லை. தங்கத் தட்டுகளும் காசுகளும் சிப்பியோடு சிப்பியாக இறைந்து கிடந்தன. ஆழியப்பன் கண்கள் விரிந்தன. "சும்மா கிடக்குது பாரு" என்று முனகிக்கொண்டே வேட்டியை ஏந்தி அள்ள ஆரம்பித்தார்.

வெள்ளச்சி தங்கத்தை மிதித்துக்கொண்டு ஓடினாள். தாழைக்குப் பின்னால் ஓர் ஆள் குந்தியிருந்தான். தாடி நெஞ்சு வரை வளர்ந்திருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தான். ஆனால் உயிரோடு இருந்தான்.

"யோவ், உன்னைத்தான்யா" என்றாள் வெள்ளச்சி. அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். குலுக்கிவிட்டு அந்தத் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

தூமணி கொஞ்சம் தள்ளியே நின்றாள். அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். அவன் கோபப்படவில்லை.

"நீதான் ஆடினியா, மணி?"

அவள் தலையை ஆட்டினாள்.

"நினைச்சேன். ஒரு நாள் காலையில எந்திரிக்கிறேன், இந்த இடது காலு நான் சொன்னபடி கேக்கலை. சரி, கரையில ஆடிட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. தாளம் சுத்தமா இருந்தது. அப்படி ஆட உன்னைத் தவிர ஆளு இல்லை."

அவன் கையைக் காட்டினான். பாறை ஓரம் ஒரு தெப்பம் கிடந்தது. கப்பல் பலகைகளைத் தாழை நாரால் இழுத்துக் கட்டிய தெப்பம். ஒரு குறையும் இல்லை. பாய்கூட இருந்தது.

"அது கட்டி முடிச்சு மறுநாள் கிளம்பறதா இருந்தேன்" என்றான். "அன்னைக்கு வரைக்கும் கடலு ஒண்ணும் செய்யலை. நீ ஆடினதுக்கு அப்புறம், எப்பத் தள்ளினாலும் ஓர் அலை வந்து என்னைத் தூக்கித் திரும்ப இங்கேயே வெச்சுடுது. மெதுவாத்தான் வைக்குது. அடிபடாம."

மறுநாள். ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் அண்ணன் வீடு வந்து சேர்ந்திருப்பான். தூமணி பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணா, நான் காத்திருந்திருக்கணும்" என்றாள். "ஊருக்காகன்னு சொன்னேன். அது பொய். என்னால காத்திருக்க முடியலை. சீக்கிரம் முடிஞ்சா போதும்னு ஆடிட்டேன்."

அவள் "அண்ணா" என்றபோதே தண்ணீர் எழும்பத் தொடங்கியிருந்தது. ஆழியப்பன் அந்தப் பக்கமிருந்து, "கொண்டலு, உசுரோட இருக்கியா ராசா!" என்று ஓடிவந்தார். அந்தப் பெயர் காதில் விழுந்ததோ இல்லையோ, கடல் நிமிர்ந்து நின்றது.

பனை உயரம் ஒரு பெண். உடம்பு முழுக்கத் தண்ணீர். கூந்தல் மழை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் பாதங்கள் மட்டும் தெளிவாக இருந்தன. அவள் இடது காலை இழுத்தாள். இரண்டு எட்டு குதித்தாள். சுற்றினாள். தொடையில் தட்டியபோது பாறை அதிர்ந்தது. எவ்வளவு ஆசையாக ஆடினாள் தெரியுமா. அத்தனை அழகாக அதைக் கொண்டலே ஆடியதில்லை. ஆடிக்கொண்டே அவனை நோக்கிக் கையை நீட்டினாள்.

கொண்டலின் இடது கால் தானாகவே தண்ணீருக்குள் இறங்கியது.

"யோவ், எங்கேய்யா போறே? வா இங்க" என்று வெள்ளச்சி அவன் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள். தூமணியும் "அண்ணா, அண்ணா" என்று கையைப் பிடித்தாள். அவள் கூப்பிடக் கூப்பிட அலை கிட்டே வந்தது. மூச்சு வாங்க அவள் நிறுத்தினாள். வெள்ளச்சி மட்டும் "யோவ், இந்தாய்யா" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அலை நின்றது.

தூமணி அதைக் கவனித்தாள்.

கட்டிக்கப் போகிறவன் பெயரைப் பெண்கள் சொல்ல மாட்டார்கள் என்பது அந்த ஊர் வழக்கம். வெள்ளச்சி ஒரு தடவைகூட அவன் பெயரைச் சொல்லவில்லை. கல்யாணம் ஆகாததால் அவளுக்கு அவன் இன்னும் உறவும் இல்லை. அவள் கூப்பிட்டால் சுழலிக்குக் காது கேட்கவில்லை.

பேரும் உன்னுது, ஆட்டமும் உன்னுது, உறவும் உன்னுது. தூமணி தான் சொன்னதை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். மூன்றைத்தான் கொடுத்திருந்தாள். ஆளைக் கொடுக்கவில்லை. கடலில் போனவனின் ஆள் கடலில்தானே இருப்பான் என்று யாரும் அதைச் சொல்வதில்லை.

எப்படி அவனைக் கூட்டிப்போவது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும், புரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அவள் வெள்ளச்சியிடம் போனாள். "இவருக்குப் புதுசா ஓர் ஆட்டம் கட்டிக் கொடு. நான் கட்டினா எங்க வீட்டுத் தாளம் வந்துடும். நீ கட்டு."

கரையில் தூமணி ஆடிய நாளுக்குப் பிறகு முதல் தடவையாக வெள்ளச்சி அவளை நேருக்கு நேர் பார்த்தாள். "நானா? எனக்கு ஆட்டம் வருமா புள்ள? நான் ஆடினா ஊரே சிரிக்கும்."

"அதுதான் வேணும்."

வெள்ளச்சிக்குத் தெரிந்தது மீன்கூடையைத் தலையில் வைத்துச் சந்தைக்கு நடக்கும் நடை ஒன்றுதான். அதையே ஆடிக் காட்டினாள். இடுப்பை ஒரு வெட்டு, குட்டைக் குட்டையாக நாலு நடை, கூடை சரிந்தாற்போல் ஒரு தடுமாற்றம். அவனும் ஆடினான். இடது கால் பழக்கத்தில் இழுத்தபோதெல்லாம் கடல் உறுமியது. "இழுக்காதே, கூடை விழுந்துடும், மீனு போயிடும்" என்று வெள்ளச்சி திட்டினாள். திரும்பத் திரும்ப ஆட வைத்தாள். கடைசியில் தாடிக்காரன் ஒருவன் மீன்காரியைப்போல் ஆடி முடித்தபோது, சாவு வந்து எதிரே நிற்கும் நேரத்திலும் ஆழியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுழலி முகமில்லாத தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நீட்டிய கை கொஞ்சம் தாழ்ந்தது.

வள்ளத்தில் நாலாவது ஆளுக்கு இடமில்லை. அதற்குள் ஆழியப்பன் அள்ளிப் போட்ட தங்கம் நிறைந்திருந்தது. ஆழியப்பன் ஒவ்வொரு தட்டாக எடுத்துக் கடலில் எறிந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு. கடைசிக் காசையும் எறிந்துவிட்டுச் சுக்கானைப் பிடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு வழக்கப்படி கேட்டார்.

"ஏறுறது யாரு? யாரோட ஆளு?"

"வெள்ளச்சி. மாரியான் மக."

அடுத்து அவன். பெயர் சொல்ல வாய் வராமல் நின்றான். ஆழியப்பனே சொன்னார். "திட்டுல கிடைச்ச ஆளு. திட்டையன்னு வெச்சுக்குவோம். யாரோட ஆளுப்பா நீ?"

"என் ஆளு" என்றாள் வெள்ளச்சி.

கடல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்தத் தண்ணீர்க் கை மெதுவாகத் தூமணியின் பக்கம் திரும்பியது. கொடுத்தவள் அவள்தான். அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

தூமணி அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். "சொல்லிடு மணி" என்று அவன் உதடு மட்டும் அசைந்தது.

"இவரு யாருன்னு எனக்குத் தெரியாது" என்றாள் தூமணி. குரல் உடையாமல் சொன்னாள், உடைந்தால் எல்லாம் போய்விடும். "எங்க அண்ணன் மழையில செத்துட்டான். நான்தான் ஆடிக் கொடுத்தேன். அவனை நீயே வெச்சுக்கோ."

சுழலி கையை மடக்கிக்கொண்டாள். திரும்பி, கொண்டலின் ஆட்டத்தை ஆடியபடியே மழைக்குள் போனாள். தூமணி வள்ளத்தில் காலைத் தூக்கினாள்.

"ஏறுறது யாரு?" ஆழியப்பன் குரல் இறங்கிவிட்டது.

"தூமணி."

"யாரோட ஆளு?"

"யாரோட ஆளும் இல்லை, மாமா."

ஆலங்கரை அவர்களைக் கொட்டுமுழக்கோடு வரவேற்றது. சுழலித் திட்டுக்குப் போய் உயிரோடு திரும்பியவர்கள் அதுவரை யாரும் இல்லை. ஆழியப்பன் தங்கத்தைப் பற்றி ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு தடவையும் குவியல் பெரிதானது. வந்திருப்பது யார் என்று ஊர் முழுக்கத் தெரியும். ஆனால் கடல் ஊருக்கு எவ்வளவு பக்கம் என்பதும் தெரியும். ஒருவரும் பழைய பெயரை எடுக்கவில்லை.

திட்டையனுக்கும் வெள்ளச்சிக்கும் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டான். அடுத்த முடிச்சு நாத்தனார் போட வேண்டியது. மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் இல்லையே என்று ஆழியப்பனின் மனைவி வந்து போட்டாள். தூமணி பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளச்சி குனிந்த தலையோடு அவளைத் தேடிப் பார்த்தாள். இப்போது அந்தப் பார்வையில் பழைய கோபம் இல்லை. "மதினி" என்று கூப்பிட வேண்டியவளைத் தூமணி "அக்கா" என்று கூப்பிட்டாள்.

அன்று திட்டையன் மீன்கூடை ஆட்டம் ஆடினான். பந்தி நிற்கவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அவன் வள்ளம் திரும்பவில்லை. காற்று ஊளையிட்டது. ஊர் வள்ளங்கள் மறுபடியும் மணலில் ஏறின. சில நாள் போனதும் கரையில் யாரோ மெதுவாக, "அவனுக்கு ரத்த உறவுன்னு யாரும் இல்லை. வெள்ளச்சியை ஆடச் சொல்லலாமா?" என்று ஆரம்பித்தார்கள். எல்லோரும் ஆழியப்பனைப் பார்த்தார்கள். ஆழியப்பன் தூமணியைப் பார்த்தார்.

"மழை விடட்டும்" என்றாள் தூமணி.

"பிள்ளைங்களுக்குக் கஞ்சி?"

"என் வீட்டுல கருவாடு இருக்கு. தீர்ந்ததும் பாத்துக்கலாம். மழை விடட்டும்."

அவள் வெள்ளச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கரையிலேயே இருந்தாள். மணலில் நண்டு ஓடினாலும் நெஞ்சு திடுக்கிட்டது. எழுந்து பார்த்தாள், ஏமாந்தாள், உட்கார்ந்தாள். இந்தத் தடவை அதைப் பொறுத்துக்கொண்டாள். எந்த உறவும் இல்லாத தூமணியை யாரும் ஆடச் சொல்ல மாட்டார்கள், காத்திருக்க வேண்டாம் என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

மழை விடும் முன்பே ஒரு காலையில் அவன் வந்தான். பக்கத்துத் துறையில் ஒதுங்கியிருந்தானாம். வள்ளத்தின் மூக்கு தெரிந்ததும் ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாம், "திட்டையண்ணே வந்துட்டாரு, அண்ணே வந்துட்டாரு" என்று தண்ணீருக்குள் ஓடினார்கள். அந்தக் கரையில் எந்தப் பெண்ணும் அவனை அப்படிக் கூப்பிடலாம், ஒருத்தியைத் தவிர.

தூமணி முழங்கால் தண்ணீரில் நின்றாள். அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவன் வள்ளத்தை இழுத்துக்கொண்டு அவள் பக்கமாக வந்து நின்றான்.

"மீன் பட்டுச்சாங்க?" என்று கேட்டாள்.

அவன் வள்ளத்துக்குள் குனிந்தான்.

"பட்டுச்சுங்க" என்றான். இருப்பதில் பெரிய சீலா மீனாகப் பார்த்து எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, வெள்ளச்சி நின்ற பக்கம் நடந்தான்.